கூறு உள்ள கோமதி

புதிதாக டியூட்டிக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, ஊசி போடுவதைப் பற்றியோ டிரிப் ஏற்றுவதைப் பற்றியோ நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் காலேஜிலேயே படித்துவிட்டு வருகிறீர்கள். உங்கள் கை எங்கள் கையைவிட நன்றாகவே ஓடுகிறது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. அந்த வார்த்தைக்காக, சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், என் வேலைக்காலம் முழுக்க ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். பொறாமை இன்னும் ஆகவில்லை.

வார்த்தை, கூறு.

உங்களில் ஒருத்தி, சேலத்துப் பக்கத்துப் பெண், கொஞ்ச நாளைக்கு முன் என்னிடம் கேட்டாள்: “சிஸ்டர், டாக்டர் என்னைப் பார்த்து ‘கூறு கெட்டவளே’ன்னு சொன்னாங்க. அப்படின்னா கெட்ட வார்த்தையா?” கெட்ட வார்த்தை இல்லை. எங்கள் பக்கம் அம்மா பிள்ளையைத் திட்டுவாள், கண்டக்டர் பயணியைத் திட்டுவார், மாமியார் மருமகளை மனசுக்குள் திட்டுவாள். எல்லோருக்கும் அது ஒன்றுதான், கூறு கெட்டது. ஆனால் பாருங்கள், திட்டுவதற்கு இவ்வளவு தாராளமாக எடுக்கிற வார்த்தையைப் பாராட்டுவதற்கு யாரும் லேசில் எடுக்க மாட்டார்கள். ‘அவளுக்குக் கூறு இருக்கு’ என்று ஒருத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவளுக்கு வேறு சர்ட்டிபிகேட் தேவையில்லை.

கெட்டிக்காரி என்று என்னை நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அது பள்ளிக்கூடத்து வார்த்தை. சாமர்த்தியசாலி என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் ‘இவளிடம் பார்த்து நடந்துகொள்ளணும்’ என்கிற வாடை அடிக்கும். கூறு அப்படி இல்லை. எந்த நேரத்தில் எதை முதலில் செய்யணும், எதை அப்புறம் செய்யணும், எதைச் செய்யவே கூடாது என்று தானாகத் தெரிவது. மார்க்கெட்டில் கத்தரிக்காயைக் கூறு கட்டி விற்கிறார்களே, அதுவும் இதே வார்த்தைதான். ஒரே குவியலாகக் கிடப்பதைப் பிரித்து வைக்கத் தெரிந்தவளுக்குக் கூறு இருக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. வயிறு எரிந்து எரிந்து கண்டுபிடித்தேன்.

இனி, யாரைப் பார்த்து எரிந்தது என்று சொல்கிறேன். என் பெயர் கோமதி. இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘கோமதி’ என்று கூப்பிட்டால், போகிற பெண்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்க் கோயில் அம்மன் பெயர், அதனால் வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள். எங்கள் ஆஸ்பத்திரியிலும் நான் சேர்ந்த கொஞ்ச காலத்தில் இன்னொரு கோமதி வந்து சேர்ந்தாள். வாசுதேவநல்லூர்க்காரி. முன்னால் வந்த நான் பெரிய கோமதி, பின்னால் வந்த அவள் சின்னக் கோமதி. அவள் என்னைவிட ஒரு தலை உயரம் என்பது வேறு விஷயம். படிப்பில் என்னைவிடக் குறைந்த மார்க். கொண்டை எப்போதும் பாதி அவிழ்ந்து தொங்கும். எழுத்து கோழி கிண்டியதுபோல் இருக்கும். நான் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான்தான் மேல் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. ராயகிரியில் பிறந்தவர், வெளியூரில் படித்துவிட்டு இங்கேயே வந்து உட்கார்ந்தவர். எங்களுக்கெல்லாம் மூத்தவர். நோயாளியிடமும் எங்களிடமும் ஊர்ப் பேச்சுதான் பேசுவார். பாராட்டே வாயில் வராது. வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போவார், அதுதான் பாராட்டு என்று நாங்களே எடுத்துக்கொள்ளணும்.

அப்படிப்பட்டவர் வாயிலிருந்து அந்த வார்த்தை முதன்முதலாக வந்த நாளைச் சொல்கிறேன். நல்ல வெயில் நேரம். காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பாம்பு கடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கெண்டைக்காலில் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கூடவே அவருடைய அண்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்று ஒரே பிடியாகப் பிடித்தார். விஷக்கடிக்கு மந்திரிக்கிற ஒரு பெரியவர் பக்கத்து ஊரில் இருக்கிறாராம், அவரிடம் போய் மந்திரித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியாம். இங்கே இறக்கியதே, வருகிற வழியில் ஆட்டோக்காரர் கேட்காமல் திருப்பிவிட்டதால்தானாம்.

நான் சொன்னேன். கடித்த பாம்பு எது, விஷம் ரத்தத்தில் என்ன செய்யும், கயிறு கட்டுவதால் கால் போய்விடும், மந்திரத்தில் விஷம் இறங்காது, எல்லாம் வரிசையாகச் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அண்ணன்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ஒனக்கு என்னம்மா தெரியும், எங்க அப்பனைப் பொழைக்க வச்ச ஆளு அவரு” என்று தம்பியைத் தோளில் தூக்கப் போனார். தூக்கியிருந்தால் அந்த மனிதர் போகிற வழியிலேயே முடிந்திருப்பார்.

அப்போது சின்னக் கோமதி வந்தாள். மந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அண்ணாச்சி, நீங்க சொல்லுதது சரிதான். ஆனா இவிய கெடக்க கெடயில ஆட்டோல தூக்கிப் போட்டா குலுங்கி விஷம் மேல ஏறிரும்லா? நீங்க எங்க வாட்ச்மேன் பைக்ல போயி அந்தப் பெரியவரை இங்கன கூட்டிட்டு வந்துருங்க. எங்க டாக்டரம்மா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ. நீங்க வாரது வரைக்கும் நாங்க சும்மா ஒரு டிரிப்பப் போட்டு வைக்கோம்.”

அண்ணன் யோசித்தார். அடுத்த நிமிஷம் வாட்ச்மேனின் பைக் சத்தம் கேட்டது. அவர் தெருவைத் தாண்டுவதற்குள் டாக்டரம்மா வந்து விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டார். மந்திரிக்கிற பெரியவர் வந்து சேர்ந்தபோது, ஆடு மேய்க்கிறவர் கண் திறந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் கட்டில் ஓரமாக நின்று மந்திரித்தார். சின்னக் கோமதி அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, “தாத்தா, இனிமே ஒங்கட்ட யாரு வந்தாலும் நேரா இங்கன கூட்டிட்டு வந்துருங்க, ரெண்டு பேருமாப் பாப்போம்” என்றாள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துப் பாம்புக்கடி எல்லாம் எங்களுக்குத்தான் வந்தது, நேரத்தோடு வந்தது.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: “கோமதிக்குக் கூறு இருக்கு.”

நானும் கோமதிதான், பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் எந்தக் கோமதி என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தர் உயிர் பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தைவிட இந்த எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. நான் சொன்னதெல்லாம் சரி, அவள் சொன்னதில் பாதி பொய், பாராட்டு அவளுக்கு என்று வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் “ஆளு பொழச்சாச்சுல்லா, பெறவு என்ன” என்று பேப்பரைத் திருப்பினார்.

பிள்ளைகளே, சரியாகப் பேசுவது வேறு, காரியம் நடப்பது வேறு. எதிரே நிற்கிறவர் வழியை மறிக்கிறார் என்றால் அவரைத் தள்ளாதீர்கள், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான் என்று எழுத எனக்குக் கொஞ்சம்கூட இஷ்டமில்லை. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போகிற நாளில் அதைத்தான் அவளிடமிருந்து எடுத்தேன்.

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் மகள் வீட்டோடு போய்விடுவதாகச் சொல்லி வேலையை விடப்போகிறார் என்று தெரிந்தது. அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேர்தான். தபசு முடியட்டும், பிறகு யார் என்று சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆடித்தபசுத் திருவிழா என்றால் எங்கள் ஊர் ஊராகவே இருக்காது. சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் இங்கேதான் வந்து கிடக்கும். அந்த இடம் எனக்கு வேண்டும். சம்பளத்துக்காகக்கூட இல்லை. அந்தக் கோமதி நாற்காலியில் உட்கார்ந்து, நான் நின்றுகொண்டு அவளிடம் ரிப்போர்ட் சொல்கிற காட்சியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தபசு அன்று மத்தியானத்துக்கு மேல் அவசரமாக ஒரு சிசேரியன். டாக்டரம்மா உள்ளே கூட்டிக்கொண்டு போனது சின்னக் கோமதியைத்தான். நான் வெளியே நின்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் தபசுக்கு வந்த ஒரு லோடு ஆட்டோ கவிழ்ந்து, அதில் வந்த கூட்டம் மொத்தமும் எங்கள் வாசலுக்கு வந்தது.

தபசுக்கு விவசாயிகள் விளைந்ததைக் கொண்டுவந்து அம்மனுக்குச் சூறை விடுவார்கள், அதாவது கூட்டத்தில் நின்று மேலே வீசுவார்கள். இந்த ஆட்கள் அதற்காகப் பருத்தியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஆட்டோ கவிழ்ந்ததும் மூட்டை பிரிந்திருக்கிறது. காயத்துக்குப் பஞ்சு வைக்கணும் என்று யாரோ சொல்ல, ஆளுக்கு ஒரு கை பருத்தியை, கொட்டையோடும் சருகோடும் எடுத்து, காயத்தில் அப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். சின்னச் சிராய்ப்புகூட அந்தப் பருத்தி ரத்தத்தில் ஊறி, தலையே பிளந்தது மாதிரி தெரிந்தது. எல்லோரும் வெள்ளையும் சிவப்புமாக நின்று ஒரே சத்தம். யாருக்கு எவ்வளவு அடி என்று பார்வையில் பிடிபடவில்லை.

நடுவில் ஒரு பெரியவர். அந்தக் கூட்டத்துக்கே மூத்தவர், நிலபுலன் உள்ளவர் என்று தோளில் கிடந்த துண்டே சொன்னது. கால் பெருவிரல் நகம் பெயர்ந்து, பாதம் முழுக்கப் பருத்தி. அவரைச் சுற்றி நின்றவர்கள் என்னை நகரவிடவில்லை.

“சிஸ்டர், மொதல்ல அண்ணாச்சியப் பாருங்க. ரத்தமாப் போகுது. ஆம்புலன்சு வருதுன்னாவ, அதுல இவிகளத்தான் ஏத்தணும்.”

ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது உண்மை. தபசுக் கூட்டத்தில் புகுந்து ஒரே ஒரு வண்டிதான் வரும், அடுத்தது எப்போது என்று தெரியாது என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்கு வந்த முதல் நினைப்பைச் சொல்கிறேன். சின்னக் கோமதியாக இருந்தால் இப்போது என்ன செய்வாள் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அவள் நினைப்புதான். எரிச்சலோடுதான் நினைத்தேன், ஆனால் நினைத்தது நல்லதாகப் போயிற்று. நான் பருத்தியைப் பார்ப்பதை விட்டேன். ஆட்களைப் பார்த்தேன். கத்துகிறவர்கள் ஒரு கூறு. மூச்சு இருக்கிறது, தெம்பு இருக்கிறது, அவர்கள் காத்திருக்கலாம். முனகுகிறவர்கள் ஒரு கூறு. அவர்களை ஆயாவிடம் சொல்லி உள்ளே பெஞ்சில் உட்கார வைத்தேன். சத்தமே போடாதவர்கள் யார் என்று தேடினேன்.

சுவரோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். யாருடைய குழந்தையையோ மடியில் வைத்திருந்தாள். உடம்பில் ஒரு துண்டுப் பருத்தி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

“ஒனக்கு எங்க அடி?”

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. ஆட்டோக் கம்பி வயித்துல லேசா இடிச்சுது. அவியளப் பாருங்க. கொஞ்சம் தண்ணி மட்டும் தாங்க.”

சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். திரும்பவும் விட்டாள். கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் கை ஜில்லென்று இருந்தது, நாடி ஓடிக்கொண்டே இருந்தது, பிடிக்குள் நிற்கவில்லை. வயிற்றில் கை வைத்தேன், பலகையாக இருந்தது. ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று தண்ணீர் கொடுக்கவில்லை. ஆயாவை அவள் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு ஓடினேன்.

“டாக்டர், வர்ற வண்டியில ஒரு பொண்ணைத் திருநெல்வேலிக்கு அனுப்பணும். வயித்துக்குள்ள ரத்தம் போகுதுன்னு நெனைக்கேன்.”

உள்ளேயிருந்து டாக்டரம்மா குரல் வந்தது. “நெனைக்கியா, தெரியுமா?”

தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காலில் ரத்தம் வழிய நிற்கும் பெரியவரை விட்டுவிட்டு, வயிற்றுவலிக்காரியை அனுப்பினாள் என்று ஊரே பேசும். இன்சார்ஜ் நாற்காலியை அதோடு மறந்துவிட வேண்டியதுதான். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் வந்து போயிற்று.

“தெரியும்” என்றேன்.

“அப்ப எங்கட்ட எதுக்குக் கேக்க? ஒரு டிரிப்ப மாட்டி அனுப்பு.”

வண்டி வந்தது. வாசலில் அந்தக் கூட்டம் வழி விடாமல் நின்றது. நான் நேராகப் பெரியவரிடம் போனேன். பாதத்துப் பருத்தியை எடுத்துவிட்டு இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டேன். போட்டுக்கொண்டே சொன்னேன்.

“அண்ணாச்சி, ஒங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு ரொம்ப மோசமாக் கெடக்கு. இந்தக் கூட்டம் நான் சொன்னா கேக்காது, நீங்க சொன்னாத்தான் கேக்கும். வாசல்ல நாற்காலி போடுதேன். அங்கன இருந்து வண்டிக்கு வழி விடச் சொல்லுங்க.”

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு காலில் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போய் உட்கார்ந்து, “ஏலே, ஒதுங்குங்கலே, வண்டி போகட்டும்” என்று ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். வண்டி போயிற்று.

அந்தப் பெண்ணுக்கு மண்ணீரல் கிழிந்திருந்ததாம். இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தால் அப்படியே சாய்ந்திருப்பாள் என்று திருநெல்வேலியில் சொன்னார்களாம். பிழைத்துக்கொண்டாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர்கள் ஒரு நாள் பை நிறையப் புளியங்குடி எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள். “கோமதி சிஸ்டர் யாரு?” என்று வாசலில் கேட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் நேராகச் சின்னக் கோமதியிடம் கொண்டுபோய் விட்டார். கும்பிட்டு, கண் கலங்கி, பையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் வார்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கி வைத்துக்கொள்வாள், நன்றாகத் திட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

“ஐயோ, நான் இல்ல. நான் அன்னைக்கு உள்ள இருந்தேன். அந்தா நிக்காவல்லா, அவியதான்” என்று என்னைக் காட்டினாள்.

அவள் பொய் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர்கள் என்னிடம் வந்து இரண்டாம் முறையாகக் கும்பிட்டார்கள். முதல் கும்பிடு அவளுக்குப் போய்விட்டது, இது ஆறிப்போன கும்பிடு. பிறகு அவளே அந்தப் பழங்களை மேஜையில் கொட்டி, டாக்டரம்மாவுக்கு, ஆயாவுக்கு, வாட்ச்மேனுக்கு என்று அழகாகக் கூறு வைத்தாள். எனக்கு வந்த பழத்தில் எனக்கு ஒரு கூறு கொடுத்தாள். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே டாக்டரம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டார். “இன்சார்ஜா சின்னக் கோமதி இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். அவள் வெளியே போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அதைக் காட்டக் கூடாதென்று மேஜை மேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட அந்த நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டேன்.

“ஏட்டி, என்ன அங்கன பாக்க?” என்றார் டாக்டரம்மா. “அந்த நாற்காலில உக்காந்து போன் பேசுததுக்கு யாரும் போதும். கூறு உள்ளவள வார்டுல இருந்து எடுத்துட்டு நான் என்ன செய்ய?”

அந்த வார்த்தை. எனக்கே எனக்கு. பெயர்க்குழப்பம் எதுவும் இல்லாமல், அறைக்குள் நான் ஒருத்தி மட்டும் நிற்கும்போது. கண்ணீர் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. வேலையை விடுகிற யோசனையும் போயிற்று. ரிட்டையர் ஆகிறவரைக்கும் அந்த வார்டில் நின்றேன். நின்றுகொண்டேதான் சின்னக் கோமதியிடம் ரிப்போர்ட் சொன்னேன்.

எத்தனையோ வருஷம் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. டாக்டரம்மாவிடம் இரண்டு நல்ல நர்ஸ்கள் இருந்தார்கள், ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருத்தி போய்விடுவாள். அவர் ஒருத்திக்கு நாற்காலியைக் கொடுத்தார், இன்னொருத்திக்கு வார்த்தையைக் கொடுத்தார். இரண்டு பேரும் கடைசிவரை போகவில்லை. எங்கள் இரண்டு பேரையுமே அவர் கூறு வைத்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் போகவில்லை. அப்படியானால் அந்த வார்த்தை உண்மையா, எனக்குக் கொடுத்த மிட்டாயா?

ரிட்டையர் ஆன அன்று டீயும் மிக்சரும் வைத்து, ஒரு பொன்னாடை போட்டார்கள். சின்னக் கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழும்போதும் அழகாகத்தான் இருந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு நான் டாக்டரம்மா அறைக்குப் போனேன். கேட்கக் கூடாது என்றுதான் போனேன். கேட்டுவிட்டேன்.

“டாக்டர், அன்னைக்கு எனக்குக் கூறு இருக்குன்னு சொன்னீங்கள்லா, அது நெசமாவே சொன்னீங்களா, இல்ல நான் வேலைய விட்டுரப்படாதுன்னு சொன்னீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏட்டி கோமதி, கூறு உள்ளவ இதைக் கேப்பாளா?”

பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது ஆமாவா, இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சின்னக் கோமதியாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள்.